கமக்காரரின் பழைய பதிவை அழிப்பதா, வைப்பதா? நெல் கொள்வனவுத் தரவுக் களஞ்சியத்தில் பரிமாணங்களை அமைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். அன்றைய எல்லைப்படி 830,552. இன்றைய எல்லைப்படி 738,788. இடையிலுள்ள 91,764 பேரும் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் குடியிருந்த நிலம் 1984இல் கிளிநொச்சி என்ற தனி மாவட்டமாயிற்று, அவ்வளவுதான். எண்ணப்பட்ட தலைகள் அப்படியே இருக்க, அவற்றை எந்தக் கூட்டுக்குள் போட்டுக் கூட்டுகிறோம் என்பது மட்டும் மாறியது. தரவுக் களஞ்சியத்தில் பரிமாணம் என்று நாம் சொல்வது இந்தக் கூட்டைத்தான். யார், எங்கே, எப்போது, எந்தப் பொருள் என்ற கேள்விகளுக்கு விடையாக நின்று எண்களைப் பிரித்துக் காட்டும் அட்டவணை அது. எண்களைச் சேர்ப்பது எளிது. கூடு மாறும்போது பழைய எண்களை எந்தக் கூட்டில் வைப்பது என்பதே வில்லங்கம்.

வன்னியில் நெல் கொள்வனவு, உர விநியோகம், பயிர்க்கடன் ஆகிய மூன்றையும் நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் பத்தாண்டுப் பதிவுகளை ஒரே களஞ்சியத்தில் சேர்க்க முற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய ஒரு சங்கத்தில் நான் சில காலம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். பெயர் இங்கு தேவையில்லை. (நெல்லுக்கும் தரவுக்கும் களஞ்சியம் என்ற ஒரே சொல் வந்து அமைந்தது பொருத்தம்தான். இரண்டிலும் ஈரத்தோடு உள்ளே போனது பின்னர் முழுவதையும் கெடுக்கும்.) அங்கே நடுவில் இருப்பது நிகழ்வு அட்டவணை: தராசில் ஏறிய ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு நிரை, அதில் கிலோ, ஈரப்பதன், விலை, கொடுத்த தொகை. அதைச் சுற்றிக் கமக்காரர், காணி, இடம், நெல்லினம், திகதி, கொள்வனவு நிலையம் என்ற பரிமாணங்கள். இந்த வடிவத்தைத்தான் நட்சத்திர அமைப்பு என்பார்கள். 1990களில் ரால்ஃப் கிம்பல் என்ற தரவுக் களஞ்சிய நிபுணர் பரவலாக்கிய முறை இது. இதற்கு மாற்றாக எதையும் நான் இங்கு முன்வைக்கப்போவதில்லை.

தெரிவு செய்யவேண்டியது வேறு. ஒரு கமக்காரரின் விவரம் மாறினால் பழையதை அழித்து எழுதுவதா, பழையதை வைத்துப் புதிய நிரை சேர்ப்பதா, பழையதையும் புதியதையும் ஒரே நிரையில் இரு நிரல்களாக வைப்பதா, அல்லது அடிக்கடி மாறுவதைத் தனி அட்டவணைக்குப் பிரித்துவிடுவதா? இவற்றுக்கு வகை 1, வகை 2, வகை 3, வகை 4 என்று எண்ணிட்டுப் பேசுவது வழக்கம். பலர் ஒரு பரிமாணத்துக்கு ஒரு வகை என்று முடிவு செய்கிறார்கள். அது பிழையான அலகு என்பது என் கருத்து. முடிவு நிரலுக்கு நிரல் எடுக்கப்படவேண்டும். அதையும் கணினி தெரிந்தவர் தனியாக எடுக்கக்கூடாது, அறிக்கையை வாசித்துப் பதில் சொல்லவேண்டியவர் எடுக்கவேண்டும்.

அழித்து எழுதும் முறையை முதலில் பார்ப்போம், ஏனெனில் யாரும் யோசிக்காமல் செய்வது அதுதான். தொலைபேசி இலக்கம் மாறினால் புதியதை எழுதுகிறோம். பெயரில் ஓர் எழுத்துத் தவறியிருந்தால் திருத்துகிறோம். இவற்றின் பழைய வடிவம் எவருக்கும் பயன்படாது. அடையாள அட்டை இலக்கமும் ஏறத்தாழ இப்படித்தான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. 2016 சனவரியிலிருந்து ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த பழைய அட்டைக்குப் பதிலாகப் பன்னிரண்டு இலக்க அட்டை வழங்கப்படுகிறது. பழைய அட்டையோடு கடனெடுத்தவர் புதிய அட்டையோடு நெல் விற்க வந்தால், அடையாள அட்டை இலக்கத்தையே சாவியாக, அதாவது ஒரு நிரையை இனங்காணும் எண்ணாக, வைத்த களஞ்சியத்தில் அவர் இரண்டு பேராகிவிடுவார். ஆகவே எந்த வகையைத் தெரிந்தாலும், வெளியுலகம் தந்த இலக்கத்தைச் சாவியாக வைக்காமல் களஞ்சியமே தரும் பொருளற்ற எண்ணொன்றைப் பதிலிச் சாவியாக வைத்துக்கொள்வது முதல் வேலை. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

அழித்து எழுதுவது எங்கே கடிக்கும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 2019/20 காலபோகத்தில் மானாவாரிக் கமக்காரரிடமிருந்து வாங்கிய நெல் எத்தனை கிலோ என்று ஓர் அறிக்கை கேட்டார்கள், கொடுத்தோம், பொதுக்கூட்டத்தில் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு அதே அறிக்கையை அதே காலத்துக்கு மறுபடி எடுத்தபோது தொகை குறைந்திருந்தது. முகாமையாளர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தம்பி, அது போன வருசம் வித்து முடிஞ்ச நெல்லு. இப்ப எப்பிடிக் குறையும்?" என்று கேட்டார். களவு போகவில்லை. இடையில் சிலர் குளத்தின் கீழுள்ள வயலுக்கு மாறியிருந்தார்கள். உறுப்பினர் இடாப்பில் "மானாவாரி" என்றிருந்ததை எழுதுவினைஞர் "குளநீர்" என்று மாற்றியிருந்தார். அவர் மாற்றியது சரி. ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவர்கள் முன்பு விற்ற நெல்லும் குளநீரின் கீழ் போய் நின்றுகொண்டது. அழித்து எழுதினால் இன்றைய நிலை மட்டுமே தெரியும் என்பதோடு நிற்காது. நேற்று கூட்டிச் சொன்ன தொகையும் பேச்சு மூச்சில்லாமல் மாறிவிடும்.

இதற்கு நேர்மருந்து வகை 2, அதாவது பழையதை வைத்துப் புதிய நிரை சேர்ப்பது. ஓர் உதாரணத்தை நிரை நிரையாகவே காட்டுகிறேன். உறுப்பினர் 417 என்பவருக்குக் கமக்காரர் பரிமாணத்தில் பதிலிச் சாவி 1052 என்ற நிரை இருக்கிறது: கிளை பரந்தன், நீர்வகை மானாவாரி, தொடக்கம் 1900-01-01, முடிவு 9999-12-31 (இன்னும் முடியவில்லை என்பதற்கு), நடப்புக் குறி "ஆம்". 2020 செப்டெம்பர் 15இல் நீர்வகை மாறுகிறது. பழைய நிரையின் முடிவுத் திகதி 2020-09-14 ஆகிறது, நடப்புக் குறி "இல்லை" ஆகிறது. புதிய நிரை 3318 என்ற சாவியோடு பிறக்கிறது: கிளை பரந்தன், நீர்வகை குளநீர், தொடக்கம் 2020-09-15, முடிவு 9999-12-31, நடப்பு. இரண்டு நிரையிலும் உறுப்பினர் எண் 417 மாறாமல் நிற்கிறது. 2020 பெப்ரவரியில் அவர் விற்ற நெல்லின் பற்றுச்சீட்டு 1052ஐச் சுட்டுகிறது, 2021 பெப்ரவரியில் விற்றது 3318ஐ. இனி எத்தனை தரம் அறிக்கை எடுத்தாலும் முதலாவது மானாவாரியிலும் இரண்டாவது குளநீரிலும்தான் விழும்.

நிரைகள் பெருகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 6,000 உறுப்பினர், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்று தாராளமாக வைத்தாலும் பத்தாண்டில் 66,000 நிரைகள். இன்றைய மடிக்கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வகை 2இன் உண்மையான விலை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, எண்ணிக்கை. "எத்தனை பேர் நெல் விற்றார்கள்" என்ற கேள்விக்குப் பதிலிச் சாவியை எண்ணினால் 417ஆம் உறுப்பினர் இரண்டு பேராவார். மாறாத உறுப்பினர் எண்ணைத்தான் தனித்தனியாக எண்ணவேண்டும். தனித்த எண்ணிக்கை என்பது கூட்டிச் சேர்க்கமுடியாத அளவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். கிளைகளின் உறுப்பினர் தொகையைக் கூட்டினால் சங்கத்தின் தொகை வராது, ஏனெனில் இரண்டு கிளைகளில் விற்றவர் இரண்டிலும் இருப்பார். இரண்டு, தெரிவுப் பட்டியல். பதிலிச் சாவியையே கியூப்பில், அதாவது அறிக்கைக்காகப் பரிமாணங்கள்படி தொகைகளைக் கூட்டித் தரும் அமைப்பில், வெளியே காட்டினால், எக்செல்லில் பெயர்ப் பட்டியலை விரிக்கும் உத்தியோகத்தர் ஒரே பெயரை மூன்று தரம் கண்டு, கணினி பழுது என்று முடிவுகட்டிவிடுவார். சாவியை மறைத்து, உறுப்பினர் எண்ணை அதற்கு மேலுள்ள படியாக வைத்து அதையே காட்டவேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது: செய்தி பிந்தி வருவது. செப்டெம்பரில் நடந்த மாற்றம் சங்கத்துக்குத் தெரிவது திசெம்பரில் அவர் உரம் எடுக்க வரும்போதுதான். அதற்கிடையில் அவருடைய பெயரில் பதிவான கடனும் உரமும் பழைய நிரையைச் சுட்டிக்கொண்டிருக்கும். மாற்றம் நிகழ்ந்த திகதி, மாற்றம் பதிவான திகதி என்ற இரண்டையும் கேட்டு வாங்கி, இடைப்பட்ட நிரைகளைத் திரும்பச் சுட்டவைத்து, அந்தப் போகத்துக்குரிய கியூப் பகுதியை மறுபடி கணிக்கவேண்டும். அத்துடன், எழுதுவினைஞர் செய்வது பிழை திருத்தமா உண்மையான மாற்றமா என்பதை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கமாட்டாது. உறுப்பினர் விவரத்தைத் திருத்தும் திரையில் "முன்பு பிழையாக எழுதியிருந்தது", "இப்போது மாறிவிட்டது" என்று இரண்டு பொத்தான்களை வைத்தோம். முதலாவதை அழுத்தினால் எல்லா நிரைகளிலும் அழித்து எழுதும். இரண்டாவதை அழுத்தினால் திகதி கேட்டுப் புதிய நிரை போடும். அந்த இரண்டு பொத்தான்கள் தந்த பயன் எந்த விலையுயர்ந்த கருவியும் தந்ததைவிட அதிகம்.

வகை 3ஐப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சங்கம் தன் கிளை எல்லைகளை ஒரே நாளில் மாற்றியமைத்தால், "பழைய கிளை", "புதிய கிளை" என்று இரண்டு நிரல்கள் வைத்து ஓரிரு ஆண்டுகளுக்கு இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்க்க அது உதவும். எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே தரம் நடக்கும் மாற்றத்துக்கு மட்டுமே அது பொருந்தும். இரண்டாந் தரம் மாறினால் எங்கே எழுதுவது என்ற கேள்வி வந்துவிடும்.

வகை 4 என்னும் சிறுபரிமாணத்துக்கு நம்மிடம் நல்ல வேலை உண்டு. கடன் நிலுவையைக் கமக்காரர் நிரையில் வைத்தால் அது மாதாமாதம் மாறும். மேலே போட்ட கணக்கு 66,000இலிருந்து 720,000க்கு மேல் ஏறிவிடும். அதைவிட முக்கியம், நிலுவை என்பது ஓர் அளவை. அதன் இடம் நிகழ்வு அட்டவணை. பரிமாணத்துக்கு வேண்டியது நிலுவையின் படித்தரம்தான்: கடனில்லை, ஒழுங்காகக் கட்டுகிறார், ஒரு போகம் பிந்தியவர், இரண்டு போகத்துக்கு மேல் பிந்தியவர். இதனுடன் பயிரிடும் பரப்பின் படித்தரத்தையும், அதாவது 2 ஏக்கருக்குக் குறைவு, 2 முதல் 5, 5க்கு மேல் என்பதையும் சேர்த்து எல்லாச் சேர்க்கைகளையும் முன்கூட்டியே எழுதினால் பன்னிரண்டு நிரைகள் மட்டுமே வரும். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் அன்றைய படித்தரத்தின் நிரையை நேரே சுட்டும்.

ஆனால் எல்லா அறிக்கையும் "அன்றிருந்தபடி" வேண்டும் என்றும் இல்லை. உர விநியோகத்துக்குப் பொறுப்பானவர் கேட்பது, இப்போது பரந்தன் கிளையில் இருப்பவர்கள் கடந்த ஐந்து போகங்களில் எவ்வளவு விற்றார்கள் என்பதைத்தான். அவர்கள் அன்று எந்தக் கிளையில் இருந்தார்கள் என்பது அவருக்கு வேண்டியதில்லை. கணக்காய்வாளருக்கு வேண்டியது நேர் எதிரானது. இருவரும் ஒரே சங்கத்தில் ஒரே எண்களைப் பார்க்கிறவர்கள். ஆகவே பற்றுச்சீட்டு நிரையில் பதிலிச் சாவியையும் மாறாத உறுப்பினர் எண்ணையும் இரண்டையும் வைத்து, முதலாவதன் வழி "அன்றைய நிலை" என்ற பரிமாணமும், இரண்டாவதன் வழி நடப்பு நிரைகளை மட்டும் கொண்ட "இன்றைய நிலை" என்ற பரிமாணமும் காட்டுவது உண்டு. வகை 7 என்று இதைச் சொல்வார்கள். நான் இதையே தெரிவேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அறிக்கையின் தலைப்பிலேயே "அன்றைய கிளைப்படி" அல்லது "இன்றைய கிளைப்படி" என்று அச்சாகவேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு சரியான தாள்கள் கூட்டத்தில் மோதிக்கொள்ளும்.

இவ்வளவும் பேசியபின் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மானாவாரி, குளநீர் என்ற நிரலை நாங்கள் வைத்த இடமே பிழை. நீர் ஆளுக்குரியதல்ல, காணிக்குரியது. 417ஆம் உறுப்பினரிடம் வீட்டுக்கு அருகே மானாவாரி வயல் இரண்டு ஏக்கரும், குத்தகைக்கு எடுத்த வயல் ஒன்றரை ஏக்கர் இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலின் கீழும் இருந்தால், அவருக்கு எந்தச் சொல்லைப் போடுவது? காணிக்கெனத் தனிப் பரிமாணம் அமைத்து, பற்றுச்சீட்டில் ஆளுக்கு ஒரு சாவி, காணிக்கு ஒரு சாவி என்று வைத்தபோது, வரலாற்று மாற்றம் என்று நாங்கள் தலையை உடைத்துக்கொண்டவற்றில் பாதிக்கு மேல் மறைந்துபோயின. ஆள் காணி மாறினார். காணி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. அந்த நிறுவையில் இருவரும் சந்தித்தார்கள், அவ்வளவுதான்.

காலபோகத்துக்கு அடுத்து வரும் வரட்சிக்காலப் போகமான சிறுபோகம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். குளத்தில் நீர் போதாத ஆண்டுகளில் முழு வயலையும் விதைக்காமல், கூட்டத்தில் தீர்மானித்த ஒரு பகுதியை மட்டும் விதைத்து அதை எல்லோருக்கும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் நெடுங்காலமாக உண்டு. அப்போது ஒருவர் தன் வயலைச் சும்மா விட்டு, வாய்க்காலின் தலைப்பில் இன்னொருவருடைய வயலில் பங்குக்கு விதைப்பார். காலபோகம் வந்தால் அவரவர் வயலுக்குத் திரும்புவர். "கமக்காரரின் காணி" என்று ஒரு நிரலைக் கமக்காரர் பரிமாணத்தில் வைத்து அதற்கு வகை 2 பூட்டினால், ஆண்டுக்கு இரண்டு தரம் ஆயிரக்கணக்கானோருக்கு நிரை பிறக்கும். அவற்றில் ஒன்றுகூட உண்மையான மாற்றமல்ல. இப்படிப் போய்வருவதைப் போகம், ஆள், காணி, ஏக்கர் என்ற நான்கையும் கொண்ட தனி நிகழ்வு அட்டவணையில் பதிவது சரி. அதில் அளவை அதிகமில்லை, யார் எங்கே விதைத்தார் என்ற செய்தி மட்டுமே. ஆனால் விளைச்சலை ஏக்கருக்கு இத்தனை புசல் என்று கணிக்க, கீழே வைத்து வகுக்கவேண்டிய எண் அங்கிருந்துதான் வரும். எந்த வகை என்று கேட்பதற்கு முன், இந்த நிரல் எதனுடைய குணம் என்று கேட்கவேண்டும்.

இடப் பரிமாணத்துக்கு வருவோம். நிருவாகப் படிநிலை நேரானது: கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, மாவட்டம், மாகாணம். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள். ஆனால் உள்ளூராட்சிக்கு வந்தால் பிரதேச சபைகள் மூன்றுதான். கண்டாவளை கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்கும். தேர்தலுக்கு வந்தால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். வன்னியின் நடுவில் நின்றுகொண்டு வன்னிக்குள் இல்லாத ஊர் அது. இவற்றை ஒரே ஏணியாக அடுக்க முயன்றால் எங்காவது ஒரு படி உடையும். கிராம அலுவலர் பிரிவை அடிப்படியாக வைத்து, அதன் நிரையிலேயே பிரதேச செயலகம், பிரதேச சபை, நிருவாக மாவட்டம், தேர்தல் மாவட்டம் ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களாக எழுதி, கியூப்பில் ஒரே பரிமாணத்துக்குள் மூன்று படிநிலைகளை வரையறுப்பதே எளிது. ஒவ்வொன்றையும் தனி அட்டவணையாகப் பிரிக்கும் பனித்துகள் அமைப்புக்கு இங்கே வேலையில்லை. வடக்கு மாகாணம் முழுவதையும் எடுத்தாலும் நிரைகள் ஓராயிரத்துக்கு அண்மையில்தான் வரும். அதைப் பிரித்து மிச்சம் பிடிக்கும் இடம் ஒரு கைப்பேசிப் படத்துக்கும் காணாது.

இந்தப் படிநிலைகளில் எல்லோரும் ஒரு தரம் விழும் குழி, பெயரைச் சாவியாக வைப்பது. கல்மடு கிளிநொச்சியிலும் உண்டு, வவுனியாவிலும் உண்டு. மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில், மாந்தை மேற்கு மன்னாரில். பற்றுச்சீட்டில் "மாந்தை" என்று மட்டும் எழுதியிருந்தால் எது? மைக்ரோசொப்ட் அனலிசிஸ் சேர்விசஸ் போன்ற கியூப் இயந்திரம், ஒரே பெயருக்கு இரண்டு மேற்படிகளைக் கண்டால் இரட்டைச் சாவி என்று பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையை அணைத்துவிட அமைப்பு ஒன்று இருக்கிறது; அணைத்தால் வவுனியாக் கல்மடுவின் நெல் கிளிநொச்சியில் ஏறும் அல்லது மறுபுறமாக நடக்கும். மாவட்டக் குறியீட்டையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சாவியாக்கினால் பிரச்சினை தீர்கிறது. அதே இயந்திரத்தில், ஒரு படிக்கும் மேற்படிக்கும் உள்ள உறவை "இறுக்கமானது" என்றோ "நெகிழ்வானது" என்றோ சொல்லிவைக்கலாம். கிராம அலுவலர் பிரிவு எந்த மாவட்டம் என்பதை இறுக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது மாறுவது அபூர்வம். மாறினால் புதுப்பிப்பு பிழையோடு நின்று நமக்குச் சொல்லிவிடும், அது நல்லதே. கமக்காரர் எந்தக் கிளை என்பதை நெகிழ்வாக வைக்கவேண்டும். அப்படி வைத்தால் மாற்றம் வரும்போது முன்கூட்டிக் கணித்துவைத்த கூட்டுத்தொகைகள் கழிந்து, திரும்பக் கணிக்கவேண்டிவரும். இரவில் கணிக்க நேரம் இருக்கும் சங்கத்துக்கு அது தாங்கக்கூடிய செலவு.

நீர்ப் படிநிலை வேறு குணமுடையது. இரணைமடுவில் குளம், கரை, பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று படிகள் ஆழமானவை. ஊர்ச் சிறு குளத்திலோ குளம், துருசு (மதகு), வயல் என்று முடிந்துவிடும். ஆழம் சமமாக இல்லாத இத்தகைய மரத்துக்குத் தாய்-பிள்ளை அமைப்பு கைக்கு வரும்: ஒவ்வொரு நிரையும் தனக்கு மேலுள்ளதன் சாவியைத் தாங்கும், ஆழம் எவ்வளவும் போகலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அனலிசிஸ் சேர்விசஸின் பழைய பல்பரிமாண இயந்திரத்தில் தாய்-பிள்ளைப் படிநிலைக்கு இடைப்படிகளில் கூட்டுத்தொகை முன்கூட்டிக் கணிக்கப்படுவதில்லை. அடியிலும் உச்சியிலும் மட்டுந்தான். பெரிய தரவில் ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலிருந்து கூட்டவேண்டும். நிலையான ஐந்து நிரல்கள் வைத்து, ஊர்க்குளத்துக்கு இல்லாத படிகளில் மேற்படியின் பெயரையே திரும்ப எழுதி, கியூப்பில் "மேற்படியின் பெயரே வந்தால் மறை" என்று அமைத்துவிடுவதையே நான் தெரிவேன். வாய்க்கால்கள் ஆறாம் படிக்குப் போகப்போவதில்லை.

காலப் பரிமாணத்தில் எல்லோரும் ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். நமக்கு அடுத்த கேள்வி போகம். காலபோகம் மழையோடு விதைத்து அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் அறுப்பது. ஆகவேதான் அதை 2021/22 என்று இரண்டு ஆண்டால் எழுதுகிறோம். திகதி நிரையில் "போகம்" என்று ஒரு நிரல் வைத்து, ஒக்டோபர் முதல் மார்ச் வரை காலபோகம் என்று நிரப்பிவிடலாம் என்று முதலில் தோன்றும். விதைப்புக்கும் உரத்துக்கும் அது ஓரளவு சரிவரும். நெல் விற்பனைக்குச் சரிவராது: சித்திரையில் விலை ஏறும் என்று மூட்டையை வீட்டில் வைத்திருந்து யூனில் கொண்டுவரும் கமக்காரரின் நெல் காலபோக நெல்தான், திகதி என்ன சொன்னாலும். போகம் திகதியின் குணமல்ல, நெல்லின் குணம். அதைத் தனிச் சிறு பரிமாணமாக்கி, பற்றுச்சீட்டு எழுதும்போதே கேட்டுப் பதியவேண்டும். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்படுமுன் தொடங்கிய 2021/22 காலபோகத்தை முந்திய போகங்களோடு ஒப்பிட விரும்புபவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. திகதியால் பிரித்தால் அந்தப் போகத்து நெல்லில் ஒரு பகுதி 2022 சிறுபோகத்தின் கீழ் போய் விழுந்து, வீழ்ச்சி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரியும். திகதிப் பரிமாணம் அப்போதும் வேண்டும். ஒரே அட்டவணையே விதைத்த திகதி, நிறுத்த திகதி, பணம் கொடுத்த திகதி என்று மூன்று பெயரில் மூன்று இடத்தில் நிற்கும்.

எந்த இயந்திரத்தில் இவற்றை வைப்பது என்ற கேள்வியைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கேள்வி. பல்பரிமாணக் கியூப், 2012இலிருந்து மைக்ரோசொப்ட் தரும் அட்டவணை மாதிரி (tabular model), பவர் பீஐ, அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் நட்சத்திர அட்டவணைகளை வைத்து எக்செல்லின் பிவட் மட்டும் என்று வழிகள் பல. மேலே சொன்ன இரட்டைச் சாவி, இறுக்கம் நெகிழ்வு பற்றிய கவலைகள் முதலாவதற்கே உரியவை. அட்டவணை மாதிரி எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்து அப்போதே கூட்டுவதால் அவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் அதில் தாய்-பிள்ளை மரத்தை நேரே வைக்கமுடியாது, நிரல்களாக விரித்தே தரவேண்டும். சில இலட்சம் பற்றுச்சீட்டுகள் உள்ள ஒரு சங்கத்துக்குப் போஸ்ட்கிரெஸும் எக்செல்லும் போதும் என்பது என் எண்ணம். பரிமாணங்கள் ஒழுங்காக இருந்தால் பிறகு எந்த இயந்திரத்துக்கும் மாற்றலாம். அவை ஒழுங்கில்லாவிட்டால் வேகமான இயந்திரம் பிழையை வேகமாகக் கூட்டித் தரும்.

தொடங்குமுன் இரண்டு சின்ன வேலைகள் மீதம் இருக்கும். ஒவ்வொரு பரிமாணத்திலும் "தெரியாது" என்று ஒரு நிரையைச் சாவி -1 இட்டு முதலில் எழுதிவைக்கவேண்டும். உறுப்பினர் எண் எழுதாத பற்றுச்சீட்டு அங்கே போய்ச் சேரும், கணக்கிலிருந்து விழுந்துவிடாது. மாதம் ஒரு தரம் அந்த நிரையின் கீழுள்ள கிலோவைப் பார்த்தால் எந்த நிலையத்தில் கவனமில்லாமல் எழுதுகிறார்கள் என்பதும் தெரியும். மற்றது, உறுப்பினர் ஒவ்வொருவரின் முதல் நிரையின் தொடக்கத் திகதி. நாங்கள் முதன்முதல் ஏற்றியபோது மென்பொருள் அதில் ஏற்றிய நாளையே போட்டுவிட்டது. அதற்கு முந்திய பத்தாண்டுப் பற்றுச்சீட்டுகளில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தும் நிரை இல்லாமல், முழு நெல்லும் ஒரே இரவில் "தெரியாது" என்பதன் கீழ் குவிந்தது. 417ஆம் உறுப்பினரின் முதல் நிரையில் 1900-01-01 என்று எழுதியிருப்பது அதன் பிறகுதான்.